பிப்ரவரி பதினேழாம் தேதித் தாள்

குறிப்பு எண் 4,106
ரெய்வா 6ஆம் ஆண்டு (2024), ஏப்ரல் 16, செவ்வாய்க்கிழமை, காலை 9.10

நேற்று மாலை வந்த கடிதத்துக்கு இன்று பதில் எழுதிவிட்டேன். ஃபுதாமினே நிதிக் குழுமம் வரும் அக்டோபர் 1ஆம் தேதியோடு இருபது ஆண்டுகளை நிறைவு செய்கிறது. அதையொட்டி ஒரு வரலாற்று நூல் வெளியிடுகிறார்களாம். 'அமைப்பு உருவான விதம்' என்ற இரண்டாம் அத்தியாயத்தை நான் எழுதித் தர வேண்டுமாம். பன்னிரண்டு பக்கம். கெடு ஜூன் 28. கையொப்பமிட்டிருப்பவர் பொது நிர்வாகப் பிரிவின் செகினே என்ற பெண்மணி. குழுமம் 2004 அக்டோபர் 1, வியாழக்கிழமை தொடங்கப்பட்டதாகக் கடிதத்தில் கண்டிருந்தது. அது வெள்ளிக்கிழமை. திருத்தி அனுப்பினேன்.

கினுகோ தேநீரை வைத்துவிட்டுச் சிரித்தாள். "உங்களை எழுதச் சொன்னாங்களா, கிழமை பார்க்கச் சொன்னாங்களா?"

மனைவியிடம் ஒப்புக்கொள்ளவில்லை, இங்கே ஒப்புக்கொள்கிறேன். மகிழ்ச்சியாகத்தான் இருந்தது. நான் ஓய்வு பெற்றுப் பதினாறு ஆண்டுகள் ஆகப்போகின்றன. அந்த அமைப்பு வரைபடத்தை வரைந்தவன் நான் என்பது இன்னும் யாருக்கோ நினைவிருக்கிறது.

குறிப்பு எண் 4,108
ஏப்ரல் 19, வெள்ளிக்கிழமை, காலை 10.00

முந்தைய குறிப்பில் ஒரு பிழை. 'வரைந்தவன் நான்' என்று எழுதியிருக்கிறேன். வரைந்தவர்கள் இருவர். மினாசே வங்கியின் திட்டப் பிரிவிலிருந்து நான். ஷியோஹாமா வங்கியின் திட்டப் பிரிவிலிருந்து கனமோரி.

மலைக்கு இந்தப்புறம் எங்கள் வங்கி, கடற்கரைப் பக்கம் அவர்கள் வங்கி. தனித்தனியே தாக்குப்பிடிக்க இரண்டுக்கும் வலுவில்லை. ஆனால் பெயர்ப்பலகையை இறக்க இரண்டுமே சம்மதிக்கவில்லை. ஆகவே இரண்டுக்கும் மேலே ஒரு தாய் நிறுவனம். அதற்குக் கிளை கிடையாது, பெட்டகம் கிடையாது, ஒரு வாடிக்கையாளர்கூடக் கிடையாது. எங்கள் தலைமையகத்தின் ஐந்தாவது மாடியில் இருபத்தாறு பேர், அவ்வளவுதான். அதற்குக் கீழே இரண்டு வங்கிகளும் உடன்பிறப்புகளைப் போல அருகருகே. வாடகைக்கு இயந்திரம் தரும் நிறுவனம், கடன் அட்டை நிறுவனம், கடனுக்கு உத்தரவாதம் தரும் நிறுவனம், கணினி நிறுவனம் ஆகியவையும் அதே வரிசையில்.

மலைப்பாதையின் நடுவிலுள்ள ஊரின் வணிகர் மன்ற மாடியில் பதினான்கு மாதங்கள் சந்தித்தோம். மதியம் ஸோபா நூடுல்ஸ். கனமோரி குழம்பையும் மிச்சம் வைக்காமல் குடிப்பார். எல்லாவற்றிலும் உடன்பட்டோம், ஒரே ஒரு பெட்டியைத் தவிர.

ஷியோஹாமாவில் ஓர் எழுத்துப்பணி நிறுவனம் இருந்தது. காசோலை பிரித்தல், படிவம் அச்சிடல், தபால் கட்டல். முப்பத்தெட்டு ஊழியர்கள், பெரும்பாலும் பெண்கள். அதைத் தாய் நிறுவனத்தின் நேர்ப்பிள்ளையாக வைப்பதா, ஷியோஹாமா வங்கியின் கீழே பேரப்பிள்ளையாக வைப்பதா என்பதுதான் கேள்வி.

"பேரப்பிள்ளையாவே இருக்கட்டும் தொகாஷி-சான்," என்றார் கனமோரி. "நாளைக்கு அதை மூட வேண்டி வந்தா, அவங்களை வங்கி திரும்ப எடுத்துக்கணும். வங்கிக்கு வீடு இருக்கு, ஒரு மூலையாவது கிடைக்கும். உங்க தாய் நிறுவனத்துக்கு ஏது வீடு? அஞ்சாவது மாடியில ஒரு கதவு."

நான் சொன்ன பதிலை அத்தியாயத்தில் எழுத முடியாது. ஒரு பெட்டி மட்டும் கீழே தொங்கினால் வரைபடம் பார்க்க நன்றாக இல்லை என்றேன்.

குறிப்பு எண் 4,113
ஏப்ரல் 26, வெள்ளிக்கிழமை, மாலை 4.40

செகினே நேரில் வந்தார். நாற்பத்தைந்து வயதிருக்கும், மரியாதையானவர், காலணியை வாசல் பக்கம் திருப்பி வைத்துவிட்டு உள்ளே வந்தார். ஆவணக் காப்பகத்திலிருந்து ஒப்புதல் தாளின் நகலைக் கொண்டுவந்திருந்தார். தேதி 2004 பிப்ரவரி 19. கையொப்பத்துக்குப் பதில் இரு வங்கிகளின் அதிகாரிகள் வைத்த பெயர் முத்திரைகள் பதினொன்று, வரிசையாக. எங்கள் வழக்கப்படி ஒவ்வொன்றும் தனக்கு அடுத்த மூத்தவரின் முத்திரையை நோக்கிச் சற்றே சாய்ந்து, வணங்கி நிற்பது போல.

"பார்க்கவே எவ்வளவு அழகா இருக்குங்க! எல்லாரும் ஒருமனசா. இதையே முழுப்பக்கப் படமாப் போட்டுடலாம்."

போடலாம் என்றேன். தட்டிலிருந்த இனிப்பை அவர் போகும் வரை நான் தொடவில்லை. போன பிறகும் தொடவில்லை.

குறிப்பு எண் 4,114
ஏப்ரல் 27, சனிக்கிழமை

அந்தத் தாள் இரண்டாவது தாள்.

குறிப்பு எண் 4,121
மே 9, வியாழக்கிழமை, காலை 8.30

பன்னிரண்டு நாட்களாகத் தள்ளிப்போட்டதை எழுதிவிடுகிறேன்.

முதல் தாளுக்கு 2004 பிப்ரவரி 17, செவ்வாய்க்கிழமைத் தேதி. என் முத்திரையை வைத்து உள்தபாலில் ஷியோஹாமாவுக்கு அனுப்பினேன். கனமோரியின் முத்திரையோடு 18ஆம் தேதி மாலை திரும்பி வந்தது. முத்திரை தலைகீழாக இருந்தது.

எந்த விதிப்புத்தகத்திலும் இது கிடையாது. ஆனால் வங்கியில் முப்பது ஆண்டு உட்கார்ந்த எவருக்கும் அதன் பொருள் தெரியும்: தடுக்கமாட்டேன், ஆனால் எனக்கு இதில் சம்மதமில்லை. தலைவர்கள் அதைக் கண்டிருந்தால் கனமோரியை அழைத்துக் காரணம் கேட்டிருப்பார்கள். அந்த ஒரு பெட்டியைப் பற்றிப் பேச்சு எழுந்திருக்கும். தொடக்க நாள் தள்ளிப்போயிருக்கவும் கூடும்.

19ஆம் தேதி காலை புதிய தாளைத் தட்டச்சு செய்து எடுத்துக்கொண்டு ரயிலேறினேன். அவர் மேசைக்கு முன்னால் நின்று என் வாயால் நான் சொன்னதை எழுத்துக்கு எழுத்து இங்கே பதிகிறேன்.

"கனமோரி-சான், முத்திரை கை தவறி விழுந்துடுச்சு போல இருக்கு."

அவர் தாளைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"அப்படியா," என்றார். "கை தவறியா விழுந்துடுச்சு?"

நான் புதிய தாளை அவர் முன்னால் நகர்த்தினேன். அவர் முத்திரையை மையில் ஒற்றி, புதிய தாளில் நேராக வைத்தார். என் முத்திரை பக்கமாகக் கொஞ்சம் சாய்த்து வைத்தார். அலுவலகத்தில் எல்லோரும் குனிந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள்.

எனக்குத் தெரியாமல் இல்லை. தெரிந்தேதான் கேட்டேன். ஏன் கேட்டேன்? தாள் அசிங்கமாக இருந்ததற்காகவா?

முதல் தாளை அழித்திருக்க வேண்டும், அதுதான் விதி. வீட்டுக்கு எடுத்துவந்தேன். அதுவும் விதிமீறல்.

குறிப்பு எண் 4,129
மே 21, செவ்வாய்க்கிழமை, மாலை 5.15

அத்தியாயம் முடிந்தது; சரியாகப் பன்னிரண்டு பக்கம். 2010 மார்ச் 31 அன்று ஷியோஹாமா எழுத்துப்பணி நிறுவனம் மினாசேயில் இருந்த அதே வகை நிறுவனத்தோடு 'ஒருங்கிணைக்கப்பட்டது' என்று எழுதியிருக்கிறேன். முப்பத்தெட்டுப் பேருக்கும் நூற்று நாற்பது கிலோமீட்டர் தள்ளி, மலைக்கு இந்தப்புறம் குழுமம் வேலை தர முன்வந்தது என்பதும், இருபத்தொன்பது பேரால் வர இயலவில்லை என்பதும் அதில் இல்லை. பேரப்பிள்ளையாக இல்லாததால் ஷியோஹாமா வங்கிக்கு அவர்களை எடுத்துக்கொள்ளும் கடமை இல்லாமல் போனதும் இல்லை.

கினுகோ கண்ணாடியை மாட்டிக்கொண்டு கடைசி வரை படித்தாள்.

"'அனைவரின் ஒருமித்த சம்மதத்துடன்'னு போட்டிருக்கீங்களே. கனமோரி-சான் என்ன சொன்னாரு?"

"முத்திரை வெச்சாரு."

"அதைக் கேக்கலைங்க. என்ன சொன்னாருன்னு கேட்டேன்."

குறிப்பு எண் 4,139
ஜூன் 6, வியாழக்கிழமை, இரவு 7.20

இன்று காலை 8.47 ரயிலில் ஷியோஹாமா சென்றேன், கனமோரியைப் பார்க்க. முன்கூட்டித் தெரிவிக்கவில்லை. அவர் எனக்குப் புத்தாண்டு வாழ்த்து அனுப்புவதை நிறுத்திப் பதின்மூன்று ஆண்டுகள் ஆகின்றன.

நிலைய வாசலில் ஊறுகாய்க் கடை. கல்லாவில் இருந்த பெண்மணி என்னைக் கண்டதும் எழுந்துவிட்டார்.

"தொகாஷி-சான் தானே? மினாசேலேர்ந்து வருவீங்களே, குடையும் பையும் ஒரே கையில புடிச்சுக்கிட்டு! நான் நருசாவா. எழுத்துப்பணியில காசோலைப் பிரிவு. என்ன, மலை தாண்டி ஊறுகாய் வாங்க வந்தீங்களா?"

அறுபதைத் தாண்டியவர், நல்ல சிரிப்பு. கனமோரி எப்படியிருக்கிறார் என்று கேட்டேன். சிரிப்பு நின்றது.

"இருக்காரு. மார்ச் 31 அன்னிக்கு நாங்க பழைய ஆளுங்க எல்லாம் கூடுவோம், வருஷா வருஷம். முதல் வருஷம் அவரும் வந்தாரு. அவர் கிண்ணத்துல யாரும் சாக்கே மது ஊத்தல. தானே ஊத்திக்கிட்டாரு, ரெண்டு தடவ. எந்திரிச்சுப் போனவருதான், அப்புறம் வர்றதில்ல."

"ஏன் ஊற்றவில்லை?"

"ஏனா? மூடுறப்ப, 2004ல எல்லாரும் சம்மதிச்ச தாளோட நகலைச் சுவத்துல ஒட்டுனாங்க. முப்பத்தெட்டு பேரும் வரிசையில நின்னு பார்த்தோம். அவரு முத்திரை தலைகீழா இருக்கான்னுதான் பார்த்தோம். அது மட்டும் இருந்திருந்தா போதும், நமக்காக ஒருத்தர் இருந்தாருன்னு நெனச்சுக்கிட்டிருப்போம். நேரா இருந்துச்சு. பக்கத்து முத்திரைக்குக் கும்பிடு போட்டாப்பல."

பக்கத்து முத்திரை யாருடையது என்பதை அவர் கவனித்திருக்கவில்லை. நானும் சொல்லவில்லை. டர்னிப் ஊறுகாய் இரண்டு பொட்டலம் வாங்கினேன். கனமோரி வீடு அங்கிருந்து ஆறு நிமிட நடை. 14.22 ரயிலில் திரும்பிவிட்டேன்.

குறிப்பு எண் 4,140
ஜூன் 7, வெள்ளிக்கிழமை

முப்பத்தெட்டு பேர் வரிசையில் நின்று பார்த்திருக்கிறார்கள். அந்தத் தாள் என் அலமாரியில கிடந்துச்சு. வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னியாடா? பயந்தாங்கொள்ளி.

குறிப்பு எண் 4,147
ஜூன் 18, செவ்வாய்க்கிழமை, மாலை 5.25

செகினேயைத் தொலைபேசியில் அழைத்து, படமாக முதல் தாளைப் போட வேண்டும், அத்தியாயத்தை மாற்றி எழுதித் தருகிறேன் என்றேன்.

"எந்த முதல் தாளுங்க? காப்பகத்துல ஒண்ணுதானே இருக்கு?"

"என்னிடம் இருக்கிறது."

"வீட்டுலயா?" மேலே கேட்டுச் சொல்கிறேன் என்றார். ஐம்பது நிமிடத்தில் திரும்ப அழைத்தார். குரல் தாழ்ந்திருந்தது.

"அடுத்த வருஷம் ரெண்டு வங்கியையும் ஒண்ணாக்கப் போறாங்க. ஷியோஹாமா பக்கம் இப்பவே புகைச்சல். இந்த நேரத்துல வேண்டாம்கிறாங்க. அதோட, அந்த முத்திரை கை தவறி விழுந்ததுன்னும் வெச்சுக்கலாமேன்னு எங்க மேலாளர் சொல்றாரு."

அந்த மேலாளருக்கு நாற்பது வயதுகூட இருக்காது. இதை யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை போலிருக்கிறது.

அத்தியாயத்தைத் திரும்பப் பெறுவதாகச் சொன்னேன். பிற்பகலில் கனமோரிக்கு எழுதினேன். மன்னிப்புக் கேட்டேன். தாள் என்னிடம் இருப்பதைத் தெரிவித்து, அவர் விரும்பினால் நருசாவாவுக்கு அனுப்புவதாக எழுதினேன். நான்கு முறை கிழித்தெழுத வேண்டியிருந்தது.

குறிப்பு எண் 4,152
ஜூன் 25, செவ்வாய்க்கிழமை, மதியம் 1.05

கனமோரியிடமிருந்து அஞ்சலட்டை. முழுவதையும் படியெடுத்துவைக்கிறேன்.

"கடிதம் கிடைத்தது. அந்தத் தாள் உங்களிடம் இருக்கும் என்று எனக்குத் தெரியும். தேதி போட்ட எதையும் நீங்கள் எறியமாட்டீர்கள். அன்று நீங்கள் கேட்டபோது, கை தவறவில்லை என்று நான் சொல்லியிருக்கலாம். இரண்டு வார்த்தை. சொல்லவில்லை. ஆகவே இரண்டாவது முத்திரையும் என்னுடையதுதான். எனக்காக எதுவும் செய்ய வேண்டாம். அந்தப் பெண்களுக்கு உதவும் என்று தோன்றினால் அனுப்புங்கள். மூட்டுவலி இருக்கிறது. மற்றபடி சுகம்."

கினுகோவிடம் கொடுத்தேன். இரண்டு முறை படித்துவிட்டு, "நல்ல மனுஷனைப் போய்..." என்று தொடங்கி நிறுத்திக்கொண்டாள். யாரைச் சொல்ல வந்தாள் என்று நான் கேட்கவில்லை.

குறிப்பு எண் 4,156
ஜூலை 1, திங்கட்கிழமை

செகினே எழுதியிருக்கிறார். இரண்டாம் அத்தியாயத்தை வேறொருவர் நான்கு பக்கத்தில் எழுதி முடித்துவிட்டாராம். படம் அப்படியே இருக்கும். முதல் தாளைப் பத்து நாட்களுக்குள் நான் ஒப்படைக்க வேண்டும். கடைசியில் மட்டும் பேனாவால்: "தனிப்பட்ட முறையில் வருந்துகிறேன்."

குறிப்பு எண் 4,158
ஜூலை 3, புதன்கிழமை, காலை 10.30

இன்று பதிவுத் தபாலில் அனுப்பிய கடிதத்தின் நகல்:

நருசாவா அவர்களுக்கு,

ஜூன் 6ஆம் தேதி உங்கள் கடையில் நீங்கள் சொன்னதைக் கேட்டுக்கொண்டு, சொல்ல வேண்டியதைச் சொல்லாமல் திரும்பினேன். 2010இல் சுவரில் ஒட்டப்பட்டது இரண்டாவது தாள். முதல் தாளில் கனமோரி அவர்களின் முத்திரை தலைகீழாகத்தான் இருந்தது. அதை மாற்றி வைக்கும்படி செய்தவன் நான். உங்கள் நிறுவனத்தை வங்கியின் கீழிருந்து எடுத்து மேல்வரிசையில் வைத்ததும் நான்தான். வரிசை நேராக இருக்க வேண்டும் என்பதைத் தவிர அதற்கு என்னிடம் நல்ல காரணம் எதுவும் இருக்கவில்லை. கனமோரி அவர்கள் இதை உங்களிடம் சொல்லமாட்டார்; தன் பங்கும் உண்டு என்று நினைக்கிறார். அவர் நினைப்பது சரியா என்பதை முப்பத்தெட்டுப் பேரும் தாளைப் பார்த்து முடிவு செய்யுங்கள். மூலத்தாளை நிறுவனம் என்னிடம் கேட்டிருக்கிறது. அது இனி என்னிடம் இல்லை என்று பதில் எழுதிவிட்டேன்.

தொகாஷி

இத்துடன் இணைத்துள்ளவை:
1. ஒப்புதல் தாள், 2004 பிப்ரவரி 17. மூலம். முத்திரைகள் இரண்டு.
2. ஒப்புதல் தாள், 2004 பிப்ரவரி 19. நகல். முத்திரைகள் பதினொன்று, இடமிருந்து முதலாவது கனமோரி அவர்களுடையது, அதை அடுத்திருப்பது என்னுடையது.
3. கனமோரி அவர்கள் பென்சிலால் வரைந்த அமைப்பு வரைபடம், ஒரு பெட்டி கீழே தொங்குவது. மூலம்.
4. மேற்கண்டவை உண்மை என்ற என் வாக்குமூலம், ஒரு பக்கம், முத்திரையுடன்.
5. என் விலாசம் எழுதி, தபால்தலை ஒட்டிய உறை ஒன்று. பயன்படுத்தியே ஆக வேண்டும் என்பதில்லை.