கீழ்ப்பிரிவின் கதவுகள்

ஜூன் 3, செவ்வாய்

குண்டசாலையிலிருந்து ஆறே முக்கால் பஸ். நில அளவைக் கந்தோரில் இரண்டு காணிகளின் எல்லை வரைந்து முடித்தேன். ஒன்றில் ஒரு மூலை பன்னிரண்டு சென்றிமீற்றர் பிழைத்தது. திருப்பி வரைந்தேன். மத்தியானம் சாப்பிட்டேனா என்று இப்போது யோசித்தால் தெரியவில்லை.

லதுஷா கண்ணை மூடி இன்றோடு நாற்பது நாள்.

வாசலில் அவளுடைய செருப்பு இருக்கிறது. அடியில் கலஹா மண் காய்ந்து போயிருக்கிறது. கழுவவில்லை.

ஜூன் 4, புதன்

இன்றும் கழுவவில்லை.

ஜூன் 7, சனி

நபீல் நானா திகனவிலிருந்து வந்தார். ஹஜ்ஜுப் பெருநாள், அவருடைய ஹாட்வெயார் கடைக்குப் பூட்டு. ஒரு கிண்ணம் வட்டிலப்பத்தை மேசையில் வைத்தார். மலைநாட்டு முகவரி இயக்கத்துக்கு இந்தப் பக்கத்துப் பொறுப்பாளர் அவர்தான். லதுஷா அவருக்குக் கீழே கலஹாக் கிளையை நடத்தினாள். தேயிலைத் தோட்டத்து லயத்து வரிசை வீட்டுக்கு இலக்கம் வேண்டும், பாதைக்குப் பெயர் வேண்டும், கடிதம் தோட்டக் கந்தோருக்குப் போகாமல் சொந்தக் கதவுக்கு வரவேண்டும், பிறகு அந்தக் கதவு நிற்கிற நிலத்துக்கு உறுதிப் பத்திரம் வேண்டும். இயக்கம் கேட்பது அவ்வளவுதான்.

சுற்றிச் சுற்றி விஷயத்துக்கு வந்தார். தோட்டத்தின் கீழ்ப்பிரிவில் அறுபத்திரண்டு வீடு. ஜூலை முப்பத்தோராம் திகதிக்குள் நாற்பத்திரண்டு வீட்டுக் கையெழுத்தும் ஒரு வரைபடமும் பிரதேச சபைக்குப் போகவேண்டும். தவறினால் இந்த வருடப் பட்டியலில் கீழ்ப்பிரிவு இல்லை, கிளையையும் மூடவேண்டியதுதான். லதுஷா ஐந்து மாதம் ஏறி இறங்கியிருக்கிறாள். நிறையப் பேர் வாயால் சரி சொல்லியிருக்கிறார்கள். ஒரு கையெழுத்துக்கூட அவள் வாங்கவில்லை.

"அவ கொப்பி உங்கக்கிட்டதான் ஈக்கும். நீங்க கம்ப்யூட்டர் தெரிஞ்ச ஆள். அத ஒரு ஒழுங்குக்குக் கொண்டாந்து தந்தா மிச்சத்த நான் பாக்கிறேன்" என்றார்.

எழும்பும்போது இன்னொன்றும் கேட்டார். கண்டியில் நடக்கப்போகும் கூட்டத்தில் அவள் எப்படிப் போனாள் என்று சொல்லலாமா? "நூறு நோட்டீஸ் அடிச்சாலும் வராத சனம் அதக் கேட்டா வரும், தம்பி. நீங்க யோசிச்சு செல்லுங்க."

வட்டிலப்பத்தை வேறு பாத்திரத்தில் மாற்றிக் கிண்ணத்தைக் கழுவிக் கொடுத்தேன்.

ஜூன் 8, ஞாயிறு

கொப்பி அலுமாரியில், அவளுடைய சாறிகளுக்குக் கீழே. ஒரு வீட்டுக்கு ஒரு பக்கம். ஆதரவு, எதிர்ப்பு, சந்தேகம் என்று பிரித்திருப்பாள் என்று எதிர்பார்த்தேன். அப்படி எதுவும் இல்லை.

"19. பச்சைக் கதவு. கொழுந்து நிறுத்து வந்து, குளித்து முடியும்வரை போகக்கூடாது. ஐந்துக்குப் பிறகு. தேத்தண்ணி தந்தால் குடி. கேட்டது: கூரைத் தகடு. மறுபடி: சித்திரைக்குப் பிறகு."

"33. இவர் பேசமாட்டார், மனைவிதான் பேசுவார். ஆனால் இவர் இருக்கும்போதுதான் போகவேண்டும். கேட்டது: மகளின் வேலைக் கடிதம் தோட்டக் கந்தோரில் ஒன்பது நாள் கிடந்தது. நேர்முகத் தேர்வு முடிந்துவிட்டது."

முன்மட்டையின் உட்பக்கத்தில் ஒரு வரி, கீழே இரண்டு கோடு: "முதல் மூன்று முறை கடதாசி கொண்டு போகாதே." ஏன் என்று எழுதவில்லை. தனக்குத் தெரிந்ததை அவள் எதற்கு எழுதவேண்டும்?

ஐந்து மாதம், அறுபத்திரண்டு வீடு, கையெழுத்து பூச்சியம். என்ன வேகம் இது என்று நினைத்தேன். அவளுடைய எழுத்தை மடியில் வைத்துக்கொண்டு அப்படி நினைத்தேன்.

ஜூன் 14, சனி

படிவம் செய்தேன். பெயர், அடையாள அட்டை இலக்கம், தொலைபேசி, சம்மதம் ஆம் அல்லது இல்லை. போனிலேயே நிரப்பலாம். இரண்டு நிமிட வேலை.

கீழ்ப்பிரிவு வாட்ஸ்அப் குழுவில் அவள் மட்டும்தான் செய்தி போடலாம் என்று வைத்திருந்தாள். அவளுடைய போனைச் சார்ஜ் போட்டேன். கடவுஎண் எங்கள் கல்யாணத் திகதி. மாலை ஆறு பத்துக்கு அனுப்பினேன். ஒரு மணித்தியாலத்தில் நாற்பத்தெட்டுப் பேர் பார்த்துவிட்டார்கள்.

ஏழு கிழமைக்குப் பிறகு ஒரு வேலை ஒழுங்காக முடிந்த மாதிரி இருந்தது.

ஜூன் 15, ஞாயிறு

ஒருவரும் நிரப்பவில்லை.

காலையில் சீதா அக்கா போன் எடுத்தார். கீழ்ப்பிரிவில் கொழுந்து எடுக்கிறவர், லதுஷாவோடு வீடு வீடாக நடந்தவர்.

"லதுஷா பேரு போன்ல வந்திச்சு தம்பி. படத்தோட. அடுப்படியில நின்னேன், கையில இருந்த சட்டி விழுந்திருச்சு. எங்கள என்னான்னு நெனச்சீங்க?"

நான் ஒன்றும் நினைக்கவில்லை. அதுதான் உண்மை. நினைக்கவே இல்லை.

மிச்சத்தை அவரே சொன்னார். முதலில் எல்லோரும் அழுதார்களாம். பிறகு படிவத்தைத் திறந்து பார்த்தார்களாம். லயத்தில் அடையாள அட்டை இலக்கத்தைக் கொடுத்துக் கையெழுத்து வைத்தால் அடுத்த மாதமே சம்பளத்தில் தொழிற்சங்கச் சந்தா வெட்டு விழும். முன்பு யாரோ வந்து அப்படி வாங்கிப் போய், இன்றைக்கும் சில வீட்டில் வெட்டுகிறார்களாம். "செத்தும் சந்தா கேக்குறாளான்னு ஒரு ஆள் கேட்டான். ஏசிட்டேன். ஆனா மத்தவங்க யாரும் வாயத் தொறக்கல." சரி சொல்லியிருந்தவர்களில் பத்தொன்பது வீடு தங்கள் பெயரை வெட்டச் சொல்லிவிட்டது.

அந்த இரண்டு கோடு எதற்கு என்று இப்போது தெரிகிறது.

ஜூன் 16, திங்கள்

லீவு போட்டேன். எழுதிவிடுகிறேன். ஒருவருக்கும் சொன்னதில்லை.

அண்டைக்கு சீதா அக்கா வீட்டில லதுவுக்கு மூச்சு இழுப்பு வந்தது. பம்ப் முடிஞ்சு போச்சு. அம்புலன்ஸ்காரர் எங்க வாறது எண்டு கேட்க, அங்க ஒருத்தருக்கும் சொல்லத் தெரியேல்லை. சீதா அக்கா எனக்குப் போன் அடிச்சா. பதறாதேங்கோ, நான் இடத்தை அனுப்புறன் எண்டு சொன்னன். தோட்டத்தின்ர பேரைத் தட்டினன். வரைபடத்தில சிவப்பு ஊசி விழுந்தது. அனுப்பினன்.

ஊசி விழுந்தது தேயிலைத் தொழிற்சாலை வாசல்ல. நாலு கிலோமீற்றர் மேல. வண்டி நான் காட்டின இடத்துக்கு நேரா போச்சு. பிழை விளங்கி, அங்கயிருந்து விசாரிச்சு இறங்கி வர முப்பத்தைஞ்சு நிமிசம்.

பன்னிரண்டு சென்றிமீற்றருக்காக மூலையைத் திருப்பி வரையிறவன் நான். ஒருக்கா, ஒரே ஒருக்கா பெருப்பிச்சுப் பார்த்திருக்கலாம். ஏன் பார்க்கேல்லை?

இதைத்தான் நபீல் நானா மேடையில் சொல்லட்டுமா என்று கேட்கிறார்.

ஜூன் 22, ஞாயிறு

கலஹா பஸ். கடைசி வளைவிலிருந்து நடை. கடதாசி கொண்டு போகவில்லை. கொப்பி மட்டும்.

சீதா அக்கா முன்னால் நடந்தார், என்னோடு பேசவில்லை. பச்சைக் கதவுக்கு ஐந்து மணிக்குப் பிறகு போனோம். அவளுடைய போனிலிருந்து அனுப்பியது நான்தான், பிழை என்னுடையது, சந்தா ஒன்றும் இல்லை என்றேன். வீட்டுக்காரர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பி யாழ்ப்பாணமா?"

"ஓம்."

"அதான், ஆளுக்கு முன்னால படிவம் வருது" என்றார். அவர் மனைவி சேலைத் தலைப்பால் சிரிப்பை மூடிக்கொண்டார். தேத்தண்ணி வந்தது. குடித்தேன்.

ஏழு வீடு முடிந்தது. கடைசி சீதா அக்காவின் வீடு. உள்ளே அந்தப் பிளாஸ்டிக் கதிரை தெரிந்தது. லது கடைசியாக இருந்தது அதில்தான். என்னால் படி ஏற முடியவில்லை. வாசலில் நின்றே ஊசியைப் பற்றிச் சொன்னேன். முழுவதும் சொன்னேன்.

அவர் தொழிற்சாலைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"நீங்க அனுப்பலன்னா நாங்க மட்டும் என்னா சொல்லியிருப்போம்? பேக்டரின்னுதான் சொல்லியிருப்போம். எங்க கடுதாசி எல்லாத்துலயும் அதுதானே இருக்கு." பிறகு, "உள்ள வாங்க. தேத்தண்ணி ஆறுது."

மன்னிப்பா அது? தெரியவில்லை. ஊசி என்னுடையதுதான். ஆனால் உள்ளே போனேன்.

ஜூலை 6, ஞாயிறு

இரண்டாம் சுற்று. இருபத்தாறு வீடு. சும்மா இருந்து பேசிவிட்டு வருவது எவ்வளவு கஷ்டமான வேலை என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. லது களைத்து வந்து காலை நீட்டினால், சும்மா கதைச்சுப்போட்டு வந்ததுக்கு என்ன களைப்பு என்று கேட்டிருக்கிறேன்.

குழுவிலிருந்து அவளுடைய இலக்கத்தை எடுத்துவிடவா என்று சீதா அக்காவிடம் கேட்டேன். "பொறுப்ப எனக்கு மாத்துங்க. அவ பேரு அங்கயே இருக்கட்டும்."

ஜூலை 10, வியாழன்

போயா, பௌர்ணமி லீவு. ஒவ்வொரு கதவிலும் நின்று ஜிபிஎஸ் புள்ளி எடுத்தேன். பாதைகளுக்குப் பெயர் வைக்கலாம் என்றேன். ஏற்கனவே இருக்கிறதே என்றார்கள். பீலியடி. கொய்யாமர முடக்கு. பழைய பிள்ளைமடுவம். எந்த வரைபடத்திலும் இல்லாத பெயர்கள்.

ஜூலை 13, ஞாயிறு

மூன்றாம் சுற்று. 33ஆம் வீட்டுக்காரர் இன்றும் பேசவில்லை. போகும்போது என் குடையை எடுத்துத் தந்தார்.

ஜூலை 16, புதன்

நபீல் நானாவுக்குப் போன் பண்ணினேன். மேடையில் சொல்வதென்றால் ஊசியையும் சேர்த்துத்தான் சொல்லவேண்டும், அதை நான் சொல்லவேண்டிய வாசலில் சொல்லியாகிவிட்டது, வேண்டாம் என்றேன். அவருக்கு அப்போதுதான் ஊசி விஷயம் தெரியும்.

"சரி தம்பி. நான் கேட்டது பிழ" என்றார்.

ஜூலை 20, ஞாயிறு

நான்காம் சுற்று. இன்றுதான் கடதாசி. அடையாள அட்டை இலக்கம் என்ற கட்டத்தை எடுத்துவிட்டேன். 33ஆம் வீட்டில் அவரே பேனையை வாங்கி, கண்ணாடி போட்டு, ஒவ்வொரு வரியையும் வாசித்து, ஒரு வார்த்தை பேசாமல் கையெழுத்து வைத்தார். மனைவி அவரையே பார்த்துக்கொண்டு நின்றார்.

முப்பத்தொன்று.

ஜூலை 27, ஞாயிறு

நாற்பத்து நான்கு. செத்தும் சந்தா கேட்கிறாளா என்று கேட்டவர் நாற்பத்து நான்காவது. நான் அவரிடம் போகவில்லை. அவராக வந்தார்.

ஜூலை 30, புதன்

சீதா அக்கா ஒரு நாள் பேரை, அன்றைய சம்பளத்தை, விட்டுவிட்டு வந்தார். பிரதேச சபையில் லிகிதர் படிவங்களைப் புரட்டினார். பிறகு முதலிலிருந்து மறுபடி புரட்டினார். நாற்பத்து நான்கிலும் ஒரே முகவரி, பிழை, திருத்திக்கொண்டு வாருங்கள் என்று சிங்களத்தில் சொன்னார்.

சீதா அக்கா மேசையில் கையை வைத்துச் சிங்களத்திலேயே சொன்னார்: பிழைதான் மாத்தயா, அதைத் திருத்தத்தான் வந்திருக்கிறோம்.

லிகிதர் வரைபடத்தை விரித்து, அறுபத்திரண்டு புள்ளிகளையும் பார்த்துக்கொண்டிருந்தார். முத்திரை குத்தினார்.

வெளியே வந்து படியில் இருந்து இரண்டு பேரும் சிரித்தோம். பிறகு சீதா அக்கா அழுதார். நான் அழவில்லை. பஸ்ஸில் வரும்போதுதான் வந்தது. பேராதனைப் பாலம் தாண்டி, சனத்துக்கு நடுவில் நின்றுகொண்டு.

ஓகஸ்ட் 9, சனி

கண்டிப் பெரஹரா ஊர்வலம் முடிந்து பாதைகள் திறந்துவிட்டன. வீட்டிலேயே இருந்தேன். கொப்பியைக் கடைசி வரை புரட்டினேன். 62க்குப் பிறகு நாலைந்து வெறும் தாள். அதற்குப் பிறகு ஒரு பக்கம்.

"63. குண்டசாலை. வேலையால் வந்து குளித்து முடியும்வரை பேசக்கூடாது. தேத்தண்ணி நான்தான் கொடுக்கவேண்டும். கேட்டது: இதால என்ன வரப்போகுது? மறுபடி: அவசரமில்லை."

லது.

ஓகஸ்ட் 10, ஞாயிறு

எழுத ஒன்றுமில்லை.

நவம்பர் 2, ஞாயிறு

சபையிலிருந்து இலக்கத் தகடுகள் வந்துவிட்டன. ஆணியும் துளைக்கிற மெஷினும் நபீல் நானாவின் கடையிலிருந்து. அவரும் வந்தார். பச்சைக் கதவில் ஆணி வளைந்ததற்கு, நானா விக்கிற சாமான் இப்படித்தான் என்று வீட்டுக்காரர் பகிடி பண்ணினார்.

சீதா அக்காவின் வீடு பதினான்கு. அதன் தகட்டை நான்தான் கதவில் பூட்டினேன். அந்தப் பிளாஸ்டிக் கதிரையை வெளியே எடுத்து, அதில் ஏறி நின்றுதான் பூட்டினேன். வேறு ஏறி நிற்க ஒன்றும் இருக்கவில்லை.

பிறகு பாதைக்கு இறங்கிப் போனை எடுத்தேன். என் புள்ளிகளை இணைய வரைபடத்தில் ஏற்றி இரண்டு மாதம் இருக்கும். தட்டினேன்: 14, பீலியடிப் பாதை, கீழ்ப்பிரிவு. ஊசி விழுந்தது. பெருப்பித்தேன். வாசற்படி. இன்னும் பெருப்பித்தேன். வாசற்படிதான்.

"வெயில்ல நின்னு என்னத்தப் பாக்குறீங்க?" என்று சீதா அக்கா கேட்டார்.

"சரியா இருக்கா எண்டு பாக்கிறன்" என்றேன்.

அடுத்த ஞாயிறு மேல்பிரிவு. எண்பத்தைந்து வீடு. புதுக் கொப்பி வாங்கவேண்டும். கடதாசி கொண்டு போகக்கூடாது.