நீலக் கண்ணாடிக் குண்டின் வயசு

டிச. 2, செவ்வாய்

காலையிலிருந்து மூடாப்பு. துணி காயவில்லை. அரையாண்டு வினாத்தாள் பாதியில் கிடக்கிறது.

பள்ளிக்கூடம் விட்டு வரும்போது பழைய சாமான் கடை. பித்தளைச் சட்டிகளுக்கு அடியில் ஒரு நீலக் கண்ணாடிக் குண்டு. கிறிஸ்துமஸுக்குத் தொங்கவிடுகிற ஜாதி. மாதுளம்பழ அளவு. கடைக்கார பாய், "போன மாசம் ஒரு அம்மா போட்டுட்டுப் போச்சு டீச்சர். யாருமே சீண்டல" என்றார். கையில் எடுத்தால் நல்ல கனம். ஆசை தெரிந்தால் விலை ஏற்றிவிடுவார் என்று முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டே வாங்கிவந்தேன்.

டிச. 3, புதன்

வெஞ்சனத்தில் உப்பு இல்லை என்றார் இவர். இருக்கட்டும். புத்தி முழுக்கக் குண்டுதான்.

— கண்ணாடி தடிமன். இப்போது வருவதெல்லாம் முட்டை ஓடு.
— வாய்க்குக் கழுத்து கிடையாது. உருண்டையோடு சமமாக வெட்டி, மேலே இலை அச்சுப் போட்ட பித்தளை மூடி. பிந்தியவை என்றால் சின்னக் கழுத்து, தகர மூடி.
— மூடியில் நாட்டின் பெயர் இல்லை. பிந்தியவற்றில் இருக்கும்.
— உள்ளே வெள்ளிப் பூச்சு. அங்கங்கே கறுத்திருக்கிறது.

ஆக, ஜெர்மனி. நூறு வருஷத்துக்குக் குறையாது.

மூடியில் ஒரு பழுப்புக் கயிறு, எண்ணெய்ப் பிசுக்கோடு மூன்று முடிச்சு. பார்க்கச் சகிக்கவில்லை. வெட்டிக் குப்பையில் போட்டேன். வெளிப்பக்கம் மட்டும் சோப்புத் தண்ணீர். அப்பா, என்ன நீலம்!

டிச. 5, வெள்ளி

தெருக் கிறிஸ்தவக் குடும்பங்கள் முறைவைத்துக் கூடும் அன்பியச் செபம் இந்த வாரம் எங்கள் வீட்டில். குண்டை மாதா சுரூபத்துக்குப் பக்கத்தில் வைத்தேன், எல்லார் கண்ணிலும் படட்டும் என்றுதான். செபம் முடிந்து சுண்டல். நான் பாடம் எடுக்க ஆரம்பித்தேன். மூடி, வாய், பூச்சு, வயசு. "எந்த மடச்சாம்பிராணி இதைக் கொண்டுபோய்ப் பழைய கடையில போட்டாளோ!" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள்.

கடைசி வீட்டு லூர்து அக்கா மட்டும் சுண்டலைக் கீழே வைத்தார். "அவருக்கு மாத்திரை குடுக்கணும். வாரேன் டீச்சர்." அந்தோணி அண்ணன் வாதம் வந்து படுத்ததிலிருந்து பாவம், எங்கேயும் செத்த நேரம் உட்காருவதில்லை.

டிச. 6, சனி

நேற்றைய படங்களை அன்பியக் குரூப்பில் போடலாம் என்று போனைத் தள்ளிக்கொண்டே போனேன். ஈஸ்டர் சமயத்தில் லூர்து அக்கா வீட்டுச் செபத்தில் எடுத்த படம். முன்னால் நான், பல்லைக் காட்டிக்கொண்டு. பின்னால் சுவரில் திருஇருதய ஆண்டவர் படம். அதற்குக் கீழே ஆணியில் நீலக் குண்டு.

பெரிதாக்கிப் பார்த்தேன். பழுப்புக் கயிறு. மூன்று முடிச்சு.

முறை வரும்போதெல்லாம் அந்தச் சுவருக்கு நேரே முழங்கால் போட்டிருக்கிறேன். ஒரு நாள் கண்ணில் பட்டதா? அக்கா வீட்டில் தொங்கியபோது சும்மா பொம்மை. கடையில் கிடந்ததும் புதையல். மருந்துச் செலவுக்குத்தான் போட்டிருப்பார். அவரை வைத்துக்கொண்டே மடச்சாம்பிராணி என்று... சீ.

குப்பைத் தொட்டியைக் கிளறினேன். வண்டி நேற்றே வந்து போய்விட்டது.

திருப்பிக் கொடுத்தால், அவர் விற்றது எனக்குத் தெரியும் என்று ஆகிவிடும். கொடுக்காமல் இருந்துவிடலாமே என்றும் தோன்றியது. தோன்றியது அக்காவுக்காக இல்லை. குண்டு வேண்டும் எனக்கு. எழுதவே கூசுகிறது.

டிச. 7, ஞாயிறு

இரண்டாம் பூசை முடிந்து நேராக அக்கா வீடு. துண்டில் சுற்றிக் கொண்டுபோனேன். வாசலிலேயே மறித்துக்கொண்டார். "இது எங்களுது இல்ல டீச்சர். எங்களுது பெட்டிக்குள்ள இருக்கு." தரையைப் பார்த்தே சொன்னார். மன்னிப்புக் கேட்கத்தான் வாயைத் திறந்தேன்.

உள்ளேயிருந்து அண்ணன், குழறலாக: "டீச்சரா? குண்டு வந்துருச்சா?"

அக்கா முகம் செத்துவிட்டது. மெல்லச் சொன்னார்: "ஆணி வெறுமனே கெடக்கேன்னு கேட்டுக்கிட்டே இருந்தாரு. வயசு பாக்க டீச்சர் வாங்கிட்டுப் போயிருக்காங்கன்னு சொல்லிட்டேன்."

உள்ளே போனேன். அண்ணன் இடது கையை நீட்டி வாங்கி நெஞ்சில் வைத்துக்கொண்டார். "எம்புட்டு வயசு டீச்சர்? எங்கப்பா கொடைக்கானல்ல சமையல் வேலை பாத்தப்ப துரை வீட்ல குடுத்தது."

"நூறுக்கு மேல அண்ணே."

"ஏயப்பா!" கோணிய வாயோடு சிரித்தார். தடவிக்கொண்டே போன விரல் மூடியில் நின்றது. "கயிறு எங்க? எங்கம்மா கழுத்துல கெடந்த உத்தரியக் கயிறு. நான்ல முடிஞ்சு வச்சேன்?"

உத்தரியம். மாதா பேரால் கழுத்தில் போடும், மந்திரித்த கயிறு.

"இத்துப்போயித் தொங்குச்சு. நான்தான் அத்து அடுப்புல போட்டேன்" என்றார் அக்கா.

"கூறு இருக்காடி ஒனக்கு? எங்காத்தா கயித்த..." அண்ணன் கத்த ஆரம்பித்துவிட்டார். அழுதுகொண்டே கத்தினார். அக்கா தலையைக் குனிந்து அத்தனையும் வாங்கிக்கொண்டார்.

நான் துண்டை மடித்துக்கொண்டு பக்கத்திலேயே நின்றேன்.