தம்பி வருகிற சனிக்கிழமை

பிப்ரவரி 20, 1990. செவ்வாய்
மில்ஹவுசனில் இன்னும் பனி விட்டபாடில்லை. தொழிற்சாலையிலிருந்து வந்தால் தம்பி வின்ஃப்ரீட்டின் கடிதம். நாலே வரி. "எல்லையைத் தாண்ட இப்போ யார் அனுமதியும் வேண்டாம்னு ஆயிடுச்சு. மார்ச் மூணாம் தேதி சனிக்கிழமை நானும் மார்லீஸும் வர்றோம். கதவைத் திறப்பியா அக்கா?" மார்லீஸ் அவன் பெண்டாட்டி, நான் பார்த்ததே இல்லை.

அறுபத்தொன்றில், சுவர் எழும்புவதற்கு ஒரு வாரம் முன்னால், பெர்லினில் சைக்கிள் சங்கிலி வாங்கி வருகிறேன் என்று போனவன். மேற்கு ஜெர்மனிக்குப் போனவன் போனவன்தான். அப்போது அவனுக்கு இருபது, எனக்கு இருபத்துமூன்று. எழுபதில் அம்மாவைத் தனியாகத்தான் புதைத்தேன்.

கதவைத் திறப்பேனா? என்ன கேள்வி இது.

பிப்ரவரி 21
பதில் போட்டேன். "வா." வேறு எதுவும் எழுத வரவில்லை.

பிப்ரவரி 24, சனி
சாப்பாட்டுக்கு முன்னால் கொறிக்க என்ன வைப்பது என்று புருஷன் லோதாரோடு சண்டை.

"மேற்கே காசல்ல இருக்கிறவங்க, ரோஸி. இறாலு, சால்மன்னு பழகின வாய். நான் வேணா எல்லை தாண்டிப் போய் ரெண்டு டப்பா வாங்கிட்டு வந்துடறேன்."

"ஒண்ணும் வேண்டாம். நம்ம வீட்டுக்கு வர்றவங்க நம்ம வீட்டுல இருக்கிறதைத் தின்னட்டும்."

"சரி சரி. கோபம் யார் மேல? என் மேலயா, அவன் மேலயா?"

கடுகு அரைத்துச் சேர்த்த முட்டை, பீட்ரூட் போட்ட ஹெரிங் மீன் சாலட், கொத்துக்கறியில் பிடித்த முள்ளம்பன்றி உருவம். முடிவு செய்துவிட்டேன்.

மார்ச் 1, வியாழன்
இதை இங்கேயாவது எழுத வேண்டும். எழுபத்துமூன்றில் ஒருமுறை, எழுபத்தொன்பதில் ஒருமுறை, "பார்க்க வரட்டுமா" என்று கேட்டு எழுதினான். எல்லையில் அவனை உள்ளே விடுவதற்கு இங்கே நான் ஒரு விண்ணப்பம் கொடுக்க வேண்டும். கொடுக்கவில்லை. என் வேலைக்கு ஆபத்து என்று எழுதினேன். பொய். வெப்பமானிக்குப் பாதரசம் ஊற்றுகிறவளை யார் என்ன செய்யப்போகிறார்கள்? அவனும் கொஞ்சம் தவிக்கட்டும் — அதுதான் உண்மை.

லோதாருக்கும் இது தெரியாது.

மார்ச் 2, வெள்ளி
ஹெரிங்கை உப்புப் போக ஊறவைத்து, ஆப்பிள், வெள்ளரி ஊறுகாய், பீட்ரூட் எல்லாம் பொடிப்பொடியாக அரிந்து கலந்துவிட்டேன். ஒரு நாள் ஊறினால்தான் ருசி கூடும். கை முழுக்கச் சிவப்பு. முட்டை பதினாறு. நாலு பேருக்குப் பதினாறா? இருக்கட்டும்.

மார்ச் 3, சனி. காலை
கறிக்கடையில் அதிகாலையிலேயே வரிசை. சமைக்காமல் பச்சையாகவே தின்கிற பன்றிக்கறி, அன்றே அரைத்ததாக இருக்க வேண்டும். உப்பு, மிளகு போட்டுப் பிசைந்து முள்ளம்பன்றியாகப் பிடித்து, வெங்காயக் குச்சிகளை முள்ளாகச் செருகினேன். லோதார் பார்த்துவிட்டு, "உன்னை மாதிரியே இருக்கு" என்கிறான். முகரக்கட்டை.

கார் சத்தம் —

மார்ச் 4, ஞாயிறு
வாசலில் நரைத்த ஆள் ஒருவன். கை கொடுத்தேன். கட்டிப்பிடிக்கத் தோன்றவில்லை. அவனும் கையை மட்டும் பிடித்துக்கொண்டு நின்றான்.

மார்லீஸைப் பற்றி நான் நினைத்து வைத்திருந்ததெல்லாம் தப்பு. மேசையைப் பார்த்ததும், "ஐயோ, முள்ளம்பன்றி! தலையிலிருந்து ஆரம்பிக்கிறதா, வாலிலிருந்தா?" என்றாள். "முதுகுலதான் கறி ஜாஸ்தி" என்று லோதார் கத்தியை நீட்டினான். ரொட்டியில் தடவித் தடவி அவர்கள் இரண்டு பேருமே பாதியைக் காலி செய்தார்கள்.

வின்ஃப்ரீட் ஒரு முட்டையைக் கையில் வைத்துக்கொண்டு தின்னாமலே இருந்தான். எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏன்டா, போறேன்னு என்கிட்ட சொல்லலே? அம்மாகிட்ட வேண்டாம். என்கிட்ட?"

வின்ஃப்ரீட் நிமிர்ந்தான்.

"சொல்லியிருந்தா நீ 'போகாதே'ன்னு ஒரு வார்த்தை சொல்லியிருப்பே அக்கா. நான் நின்னிருப்பேன்."

சொல்லியிருப்பேன்தான். சத்தியமாகச் சொல்லியிருப்பேன். அவன் ஆயுசு முழுக்க இங்கேயே கிடந்திருப்பான். இதை ஒருநாளும் நான் யோசித்ததில்லை.

பிறகு நானும் சொல்லிவிட்டேன். விண்ணப்பம், வேலை, பொய், எல்லாம். லோதார் கத்தியைக் கீழே வைத்துவிட்டான்.

வின்ஃப்ரீட் அந்த முட்டையை என் தட்டில் வைத்தான். "ரெண்டு தடவையும் தெரியும்," என்றான். "பொய் சொன்னா நீ ரொம்ப மரியாதையா எழுதுவே."

சிரிப்பு வந்தது எனக்கு. அப்புறம் அழுகை. அவனுக்கும். மார்லீஸ் எழுந்து, யாரையும் கேட்காமல், எல்லோர் தட்டிலும் ஹெரிங் சாலட் பரிமாறினாள்.

கிளம்பும்போது கல்லறைக்குப் போனோம். அம்மாவிடம் அவன் என்ன பேசினானோ, நான் கேட்கும் தூரத்தில் நிற்கவில்லை.

மார்ச் 5
லோதார் பேசவில்லை. மாலையில் மட்டும்: "என்கிட்டயாவது சொல்லியிருக்கலாம்." ஆமாம்.

மார்ச் 19
மார்லீஸின் கடிதம். ஈஸ்டருக்குக் கட்டாயம் வர வேண்டுமாம். லோதார் காரைக் கழுவ ஆரம்பித்துவிட்டான். இன்னும் நாலு வாரம் இருக்கிறது!

ஏப்ரல் 14, சனி. காசல்
இன்று அவர்கள் வீட்டில் விருந்து. என்னைப் பார்ப்பதற்கென்றே தெருவிலிருந்து ஆறு பேர். சமையலறைப் பக்கமே வரக்கூடாது என்று மார்லீஸ் நாற்காலியில் உட்கார வைத்துவிட்டாள். சும்மா உட்கார்ந்து எனக்குப் பழக்கமே இல்லை.

பக்கத்து வீட்டம்மா, "எத்தனை நாள் இருப்பீங்க?" என்று கேட்டாள்.

"திங்கட்கிழமை கிளம்பறோம்," என்றான் லோதார்.

"செவ்வாய்க்கிழமை மச்சான்," என்றான் வின்ஃப்ரீட், என்னைப் பார்க்காமல்.

இருவரும் என் பக்கம் திரும்பினார்கள்.

"புதன்," என்றேன்.