ஆப்ப மாவுக்குக் கள்

ஏப்ரல் 8, 1973, ஞாயிறு

ஆராதனை முடிந்ததும் போதகர் ஐயா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். குடித்துவிட்டுக் கோயிலில் பாட்டின் நடுவே விழுந்தேன் என்று, போன வருஷம் என்னை அப்பமும் திராட்சை ரசமும் கொடுக்கும் திருவிருந்திலிருந்து நிறுத்தி வைத்தவர் இவர்தான். "ஈஸ்டர் அன்னைக்கு சம்பூர்ணத்தோட வந்து முழங்கால் போடு தானியேல். ஆனா அதுக்குள்ள ஒரு சொட்டு..." என்றார். முடிக்கவில்லை. முடிக்கவா வேண்டும்?

வழியிலேயே என் பெண்டாட்டி சம்பூர்ணத்திடம் சொல்லிவிட்டேன். வீட்டுக்கு வந்ததும் கறிக்குழம்பு வைத்தாள். ஈஸ்டருக்கு முந்தின லெந்து நோன்பு நாளில் கறி! கேட்டால், "சந்தோசத்துல மறந்துட்டேன்யா" என்கிறாள். இரண்டு பேரும் நன்றாகச் சாப்பிட்டோம். ஆண்டவர் மன்னிப்பார்.

ஏப்ரல் 11, புதன்

ரைஸ் மில்லில் என்ஜின் ஒழுங்காக ஓடுகிறது. அதை ஓட்டுகிற நானும்.

மூட்டை தூக்கும் குப்பன் விடமாட்டேன் என்கிறான். "சாராயத்த உட்டுட்டே, சரி. கள்ளு இன்னாய்யா பாவம் பண்ணிச்சு? ஒடம்புக்குக் குளிர்ச்சி." அந்தக் குளிர்ச்சியில்தான் போன தடவை வழுக்கினேன். சாராயத்தை விட்டேன், கள்ளை வைத்துக்கொண்டேன். கள்ளு என்னைக் கையைப் பிடித்து மறுபடி சாராயக் கடையில் கொண்டுபோய் விட்டது. இந்தத் தடவை மிச்சம் மீதி வைக்கவில்லை. சொன்னேன், சிரித்தான். சிரிக்கட்டும்.

ஏப்ரல் 15, குருத்தோலை ஞாயிறு

ஐயரம்மா, அதாவது போதகரின் மனைவி, போன மாசந்தான் திருநெல்வேலியிலிருந்து வந்து சேர்ந்தார்கள். என் கதை எதுவும் தெரியாது. "ஈஸ்டர் காலையில சபைக்கு முழுக்க ஆப்பம் போடணும். கள்ளு ஊத்தி மாவு பொங்கினாத்தான் ஆப்பம். சனிக்கிழமை நல்ல கள்ளா ஒரு தூக்கு வாங்கிட்டு வந்திருங்க தானியேல்" என்றார்கள். எங்கள் பக்கம் கள்ளை வாயில்தான் ஊற்றுவோம், மாவில் ஊற்றிப் பார்த்ததில்லை.

கையில் குருத்தோலையைப் பிடித்துக்கொண்டு "சரிங்கம்மா" என்று சொல்லிவிட்டேன். ஏன் சொன்னேன்? வெட்கம். அட மடையா!

ஏப்ரல் 16, திங்கள்

சம்பூர்ணத்துக்குத் தெரிந்துவிட்டது. "அந்தம்மாவுக்கு வேற ஆளே கெடைக்கலியா? முடியாதுன்னு போய்ச் சொல்லு."

"கோயில் வேலடி. எப்பிடி முடியாதுன்றது?"

"கோயில் வேலன்னு சொல்லிக்கினு கள்ளுக்கடைக்குப் போற மொத ஆளு நீதான்யா!"

எனக்குக் கோபம். வாங்கி வரத்தானே போகிறேன், குடிக்கவா போகிறேன்? — இப்படிச் சொல்லும்போதெல்லாம் உள்ளே ஒருத்தன் சந்தோஷப்படுகிறான். அவனிடந்தான் எனக்குப் பயம்.

ஏப்ரல் 20, பெரிய வெள்ளி

மூன்று மணி வரை ஆராதனை. ஒரு பிரசங்கமும் காதில் ஏறவில்லை. நாளைக்கு, நாளைக்கு.

ஏப்ரல் 21, சனி

சைக்கிளில் தூக்கை மாட்டிக்கொண்டு ஏரிக்கரைக் கடைக்குப் போனேன். அந்தப் பக்கம் போய் மாசக்கணக்காயிற்று. வாசலில் குப்பன். "வா வா! வருவேன்னு எனக்குத் தெரியும்!" வாசனை வந்து மோதியது. வாயில் எச்சில் ஊறியது. ஒரு வாய் குடித்துப் பார்த்தால்தானே நல்ல கள்ளா, புளித்ததா என்று தெரியும்? என்ன நியாயமான கேள்வி! ஐயோ ஆண்டவரே, என்ன நியாயமான கேள்வி!

சைக்கிளைத் திருப்பினேன். "யோவ், தூக்கு காலியா கீதுய்யா!" என்று குப்பன் கத்தினான். நான் திரும்பிப் பார்க்கவில்லை.

போதகர் வீட்டில் பெண்கள் தேங்காய் துருவிக்கொண்டிருந்தார்கள். சம்பூர்ணமும் இருந்தாள். எல்லார் எதிரிலும் சொல்லிவிட்டேன்: "அம்மா, நான் குடிகாரன். அந்தக் கடையாண்ட போனாலே குடிச்சிடுவேன். என்னால முடியாது, என்னை அனுப்பாதீங்க."

துருவுகிற சத்தம் நின்றது. "ஐயோ தானியேல், எனக்குத் தெரியாதே! இவுக ஒரு வார்த்தை சொன்னாகளா?" என்று ஐயரம்மா உள்ளே போனார்கள். போதகர் ஐயாவுக்கு நன்றாகக் கிடைத்தது, வாசல் வரை கேட்டது. சம்பூர்ணம் என்னைப் பார்த்து, "நான் இன்னா சொன்னேன்?" என்றாள். அப்புறம் முந்தானையில் மூக்கைச் சிந்தினாள்.

ஏப்ரல் 22, ஈஸ்டர்

திருவிருந்தில் சம்பூர்ணத்தின் பக்கத்தில் முழங்கால் போட்டேன். பாத்திரத்தில் ஐயரம்மா காய்ச்சிய வெறும் திராட்சைச் சாறுதான். அழுதேன். வெட்கமில்லாமல் அழுதேன்.

கள்ளுக்குப் பதில் இளநீர் ஊற்றிய மாவு பொங்கவே இல்லை. ஆப்பமெல்லாம் சப்பாத்தி. கோயில் மணியடிக்கும் சின்னராசு பல்லால் இழுத்துக்கொண்டே, "இதுக்கு தானியேல் ஆப்பம்னு பேரு வெச்சிடலாம்" என்றான். சபையே சிரித்தது. நான் எல்லாரையும்விட அதிகம் சிரித்தேன், நாலு தின்றேன்.

மே 30, புதன்

என்ஜினுக்குப் புது பெல்ட். சம்பூர்ணத்துக்குப் புதுச் சேலை, மாம்பழக் கலர். எதற்கு இந்த வீண் செலவு என்று திட்டிக்கொண்டே கட்டிக்கொண்டாள்.

ஆகஸ்ட் 5, ஞாயிறு

சாயங்காலம் குப்பன் வந்தான். முகம் செத்திருந்தது. "இன்னாடா பேஜாரு?" என்றேன்.

"உனக்கின்னாய்யா! கவர்மெண்டு கள்ளுக்கடையெல்லாம் மூடி ஒரு வாரமாவுது. ஊரே அதத்தான் பேசிக்கினு கீது. உனக்குத் தெரியாதா?"

தெரியாது. சத்தியமாக எனக்குத் தெரியாது. இப்போதெல்லாம் தினமும் அந்த ஏரிக்கரைக் கடையைத் தாண்டித்தான் மில்லுக்குப் போய் வருகிறேன்.