பச்சை நாய்

அண்ணா,

எப்படி இருக்கிறாய் என்று கேட்கவே கூச்சமாக இருக்கிறது. நாம் பேசியே எத்தனை வருஷம்!

நாளை மறுநாள் ஞாயிற்றுக்கிழமை உன் மருமகனுக்கு ஐந்து முடிகிறது. கேக் பொம்மைகளுக்காக இன்று மார்ஷ்மெல்லோ மிட்டாயை உருக்கி, ஐசிங் சர்க்கரை கொட்டிப் பிசைந்தேன். ஒட்டாமலிருக்கத் தடவியதில் முழங்கை வரை வெண்ணெய். அம்மா கேக் ஆர்டர் எடுத்த காலத்தில் நீதான் பிசைவாய். உன் விரலில் ஒட்டியதை நான் சுரண்டித் தின்பேன்.

ஓர் உருண்டையை அவனிடம் கொடுத்து, எங்கள் நாயைப் போலவே பழுப்பு நிறம் கலந்து ஒரு நாய் செய்யச் சொன்னேன். பச்சையாக்கிக் கொண்டுவந்து, "அப்படியே இருக்குல்லம்மா?" என்றான்.

"என்னடா, புல்லுல புரண்டுச்சா?" என்று இவர் சிரித்தார். எதற்குச் சிரிக்கிறார் என்று அவனுக்குப் புரியவில்லை. அப்போது அப்படியே உன் முகம் அண்ணா.

கேக் ரோஜாவுக்கு நீ பழுப்பு இலை வைத்த அன்று உனக்குச் 'சருகு' என்று பேர் வைத்தவள் நான். தெருவே அப்படிக் கூப்பிட்டது. நீ அதற்கப்புறம் மாவைத் தொடவேயில்லை. உன் கண்ணுக்குப் பச்சையும் பழுப்பும் ஒரே நிறம்தான் என்று பின்னால் தெரிந்தபோதும் நான் மன்னிப்புக் கேட்கவில்லை.

திங்கட்கிழமை அவனைக் கண் டாக்டரிடம் காட்டுகிறேன். டாக்டர் சொல்லப்போவதை எண்ணிக்கூட அவ்வளவு பயமில்லை. அவன் வகுப்பிலும் என்னைப் போல ஒருத்தி இருப்பாளே, அதுதான் பயம்!

நாயை மாற்றவில்லை, அப்படியே கேக்கில் ஏற்றப்போகிறேன். நீ வா அண்ணா. நிறம் சரியாக இருக்கிறது என்று அவனிடம் பொய் சொல்லாமல் சொல்ல, இந்தக் குடும்பத்தில் உன்னை விட்டால் ஆளில்லை.

உன் தங்கச்சி