சம்சுல் ஆலம் பாய் இருக்கும் படங்கள்

கொடைக்கானல்

அன்புள்ள அப்பாவுக்கு வணக்கம். சர்க்கரை மாத்திரையைத் தவறாமல் போடுகிறீர்களா? எனக்குக் காய்ச்சல், இருமல் எதுவும் இல்லை. போனில் சொன்னால் குரல் காட்டிக்கொடுத்துவிடும் என்பதால் எழுதுகிறேன்.

எனக்கு அறை கொடுத்த டீக்கடை சம்சுல் ஆலம் பாய் போன வாரம் இறந்துவிட்டார். மாரடைப்புதான், கொரோனா இல்லை, பயப்படாதீர்கள். குவைத்திலிருக்கும் மகன் அஸீமுக்கு விமானம் கிடைக்கவில்லை. ஒரு படமாவது அனுப்பச் சொல்லிக் கெஞ்சினான்.

“மய்யித்தப் படம் புடிக்க வேணாம்மா. நீ முன்னாடி எடுத்தது இருந்தா அனுப்பிவிடு” என்றார் உடலருகில் இருந்த அவன் அம்மா மரியம் பீவி.

பாய் படத்துக்கு நின்றதே இல்லை. “எம் மூஞ்சிய எடுத்தா ஒன் கேமரா ரிப்பேராயிரும், டீயக் குடி” என்பார். ஏரிக்கரையில் சுற்றுலா வந்தவர்களை நான் எடுத்த ஆயிரக்கணக்கான படங்களில் மூன்று நாள் தேடினேன். புதுமணத் தம்பதிகளுக்குப் பின்னால், கலங்கலாக, நான்கு படங்களில் இருந்தார். பெரிதாக்கி அனுப்பினேன்.

“இதுல எங்க அத்தா யாரு அக்கா?” என்று கேட்டான் அஸீம்.

இத்தனை வருடம் இந்த வேலையை எதற்குச் செய்தேன் என்று தெரியவில்லை.

ஊருக்கு வர மூன்றாம் முறையும் இ-பாஸ் மறுத்துவிட்டார்கள். வீடியோவில் பேசும்போது உங்கள் நெற்றியும் மின்விசிறியும்தான் தெரிகின்றன. தம்பி மகள் ஷர்மிளாவிடம் சொல்லி, பகல் வெளிச்சத்தில், மாஸ்க் இல்லாமல் உங்களை ஒரு படம் எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். பழனி வழியாக நம் ஊருக்கு வரும் கேரட் வண்டியில் இதைக் கொடுத்தனுப்புகிறேன். டிரைவர் ஹாரன் அடிக்கிறார். நானே வந்து எடுக்கிறேன் என்று எழுதத்தான் நினைத்தேன். கை வரவில்லை.

உங்கள் மகள்,
சண்முகசுந்தரி