வெறும் எண்ணெய்

என் செல்ல மகளுக்கு,

அம்மா எழுதுகிறேன். நான் நன்றாக இருக்கிறேன். உன் அப்பா நன்றாக இருக்கிறாரா என்பதைச் சொல்லத்தான் இந்தக் கடிதமே. போனில் சொல்லித் தொலைக்க வேண்டியதுதானே என்பாய். மணி அடித்ததும் ஸ்பீக்கரைப் போட்டுவிட்டு நட்ட நடுவில் உட்கார்ந்துகொள்ளும் மனிதரை வைத்துக்கொண்டு எதைச் சொல்வது?

ஞாயிற்றுக்கிழமை நீ பேசும்போது உன் குரலே சரியில்லை. மூட்டுவலிப் பரிசோதனையின் முடிவுகளைப் பிரித்துப் பார்த்தாகிவிட்டது என்றாய். மலையிலிருக்கும் நம் ஊசியிலை மரத்தின் எண்ணெய் பூசியவர்களுக்கும், அதே நிறமும் மணமும் ஏற்றிய வெறும் எண்ணெய் பூசியவர்களுக்கும் பெரிய வித்தியாசமே தெரியவில்லை என்றாய். "அதுலயும் நம்ம ஊர் ஆஸ்பத்திரியில ஒருத்தர்மா, அவருக்குப் போனது வெறும் எண்ணெய். முதல்ல வலி பத்துக்கு எட்டுன்னு சொன்னவர் அடுத்த வாரமே பூஜ்ஜியம்னுட்டார், கடைசிவரைக்கும் பூஜ்ஜியம்தான்" என்று சொல்லிவிட்டுச் சிரித்தாய். அந்தச் சிரிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. நல்லவேளை, அப்பா அப்போது குளித்துக்கொண்டிருந்தார்.

அந்த ஒருத்தர் அவர்தான்.

உனக்கு அவரை ஒரு எண்ணாகத்தான் தெரியும். எனக்குக் கல்யாணம் ஆன நாளிலிருந்து தெரியும். பரிசோதனைக்கு ஆள் சேரவில்லை என்று நீ போன வருஷம் புலம்பினாயே, மறுநாள் காலையிலேயே போய்ப் பெயர் கொடுத்துவிட்டார். உனக்கு அப்பா என்று அங்கே மூச்சு விடவில்லை. உன்னிடமும் சொல்லக் கூடாது என்று என் வாயையும் கட்டிப் போட்டார். அதோடு விட்டாரா? பஸ் டிப்போவில் கூட வேலை பார்த்த கூட்டாளிகளையும் இழுத்துக்கொண்டு போனார். எல்லாம் கிளட்சை மிதித்து மிதித்தே தேய்ந்துபோன முழங்கால்கள். டீக்கடையில் வைத்து, "நம்ம புள்ளையோட ஆராய்ச்சிப்பா, கொஞ்சம் பார்த்துச் சொல்லுங்க" என்று கேட்டுக்கொண்டாராம். அவர்களும் பார்த்துத்தான் சொல்லியிருக்கிறார்கள்.

அங்கே பெயர் பதிந்துகொண்ட நர்ஸ் பெண்ணைக் குறை சொல்ல முடியாது. பாதிப் பேருக்கு மருந்து, பாதிப் பேருக்கு வெறும் எண்ணெய், யாருக்கு எது என்று கேட்கிற எங்களுக்கே தெரியாது என்று பொறுமையாக விளக்கினாளாம். இவர் வழக்கம்போல் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு வந்திருக்கிறார். உங்களுக்கு எது வந்திருக்கிறதோ என்று நான் வீட்டில் கேட்டதற்கு, "ஏன்டி, என் பொண்ணு எனக்குப் போய் வெறும் எண்ணெயைக் குடுப்பாளா?" என்று என்னிடமே எரிந்து விழுந்தார்.

எட்டு என்றதையும் பூஜ்ஜியம் என்றதையும் அவரே வீட்டில் வந்து பெருமையாகச் சொன்னார், அந்த அழகை நீ பார்த்திருக்க வேண்டும். ஆஸ்பத்திரிப் படியில் மாப்பிள்ளை மாதிரி விறைப்பாக ஏறுவார். வீட்டு மாடிப்படியில் கம்பியைப் பிடித்துக்கொண்டு பக்கவாட்டில்தான் இறங்குவார். கட்டில் விளிம்பில் உட்காராமல் பேன்ட் போட முடியாது. பரிசோதனை முடியும்வரை வலி மாத்திரை போடக் கூடாது என்றார்களாம், அதை மட்டும் யோக்கியமாகக் கடைப்பிடித்தார். பல்லைக் கடித்துக்கொண்டு இவ்வளவு மாதமும் ஓட்டியிருக்கிறார். உனக்காகத்தானே என்று நானும் பேசாமல் இருந்துவிட்டேன்.

மலையில் இருப்பவர்கள் காலங்காலமாகப் பூசுகிற எண்ணெய்தானே, அதில் புதிதாக என்ன ஆராய்ச்சி என்று உன்னை ஒருமுறை கேட்டேன். "குணமானவங்க ஊரெல்லாம் சொல்லுவாங்கம்மா, ஆகாதவங்க சும்மா இருந்துடுவாங்க. ரெண்டு பேரையும் ஒரே மாதிரி கேட்டாத்தான் மரத்தைப் பத்தித் தெரியும்" என்றாய். எலிகளுக்கு வீக்கம் குறைந்ததை வைத்து மனிதர்களுக்கும் குறையும் என்று சொல்லிவிட முடியாது என்றும் சொன்னாய். எலிகள் தேவலை கண்ணே. அவற்றுக்கு உன் மேல் பாசம் கிடையாது. நீ மரத்தைப் பற்றிக் கேட்டாய், இவர்கள் உன்னைப் பற்றிப் பதில் சொல்லிவிட்டார்கள்.

நீ அறிக்கை கொடுப்பதற்குள் இது உனக்குத் தெரிந்தாக வேண்டும். அந்த எண்ணெய் வேலை செய்கிறதா இல்லையா என்று எனக்குத் தெரியாது. வெறும் எண்ணெய் பூசியவர்களும் வலி போய்விட்டது என்றால் வித்தியாசம் எப்படித் தெரியும்? இவர் உளறலை நம்பி அதை ஒன்றுமில்லை என்று மூடிவிட்டால், நிஜமாகவே அதனால் எழுந்து நடக்கக்கூடிய யாருக்கோ அது கிடைக்காமலே போகும். அதற்காக, இவரை மட்டும் சத்தமில்லாமல் நீக்கிவிட்டு மருந்து ஜெயித்துவிட்டது என்றும் எழுதிவிடாதே. அதுவும் பொய்தான். உன் தலைமை ஆய்வாளரிடம் நடந்ததை நடந்தபடி சொல். நம் ஊர்க் கணக்கு மொத்தத்தையும் தள்ளச் சொல்லலாம். முதலிலிருந்து ஆரம்பிக்கச் சொல்லலாம். உன் வேலையை நீட்டிப்பது இந்த அறிக்கையை வைத்துத்தான் என்பதும் எனக்குத் தெரியும். ஆனாலும் சொல்லிவிடு.

அப்பாவுக்கு இன்னும் ஒன்றும் தெரியாது. "ரிசல்ட் வந்துச்சாமா?" என்று தினமும் கேட்கிறார். பரிசோதனை முடிந்துவிட்டது, இனிமேல் மாத்திரை போடலாமாம் என்று சொல்லி நேற்றிலிருந்து கொடுக்க ஆரம்பித்துவிட்டேன். வேண்டா வெறுப்பாக வாங்குகிற மாதிரி வாங்கி உடனே விழுங்கினார். அடுத்த வாரம் எலும்பு டாக்டரிடமும் கூட்டிப் போகிறேன். வெறும் எண்ணெய் என்பதை மட்டும் அவரிடம் நீ சொல்லிவிடாதே. கால் வலியைத் தாங்குவார். உனக்குக் கை கொடுப்பதாக நினைத்து உன் காலை வாரிவிட்டோம் என்று தெரிந்தால் தாங்கமாட்டார்.

எத்தனை வருஷம் ஆனாலும் நீ தேடுவது உன் கைக்கு நேர்வழியில் வந்து சேரட்டும். லீவு கிடைத்தால் ஒரு நடை வந்துவிட்டுப் போ. வரும்போது அந்த மரத்து எண்ணெய், நிஜமானதைக் கொண்டு வா. உன் கையாலேயே அவர் முழங்காலில் தேய்த்துவிடு. வலிக்கிறதா என்று நீ கேட்டால், இல்லவே இல்லை என்பார். அதை எந்தக் கணக்கிலும் சேர்க்காதே.

இப்படிக்கு,
உன் அம்மா